அவ லைன்ல இருந்தா பெட்டி பேசாது

மாமனாருக்குக் குரல் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதனால் வீட்டில் சத்தம் குறைந்திருக்கும் என்று நினைத்தால், நீங்கள் அந்த வீட்டுக்கு வந்ததில்லை என்று அர்த்தம். மனிதர் ஏலக்காரர். திவாலான கடைகளின் சரக்கையும், விட்டுப் போனவர்களின் மேஜை நாற்காலிகளையும் ஒரு ஸ்டூல்மேல் ஏறி நின்று கூவி விற்றவர். ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று அவர் இழுக்கிற இழுப்பில், வேடிக்கை பார்க்க வந்தவன்கூடக் கையைத் தூக்கிவிட்டு, பிறகு பெண்டாட்டிக்கு என்ன பதில் சொல்வது என்று முழிப்பான். ஊரே அவரை மூணுதரத்தார் என்றுதான் கூப்பிட்டது. தொண்டையில் கட்டி வந்து குரல்வளையை எடுத்த பிறகு, அந்தத் தொண்டை பார்த்த வேலையை ஒரு சிலேட்டும், ஒரு பழைய கம்ப்யூட்டரும், அதன் முதுகில் கேபிள் போட்டு மாட்டிய செங்கல் அளவுப் பேச்சுப் பெட்டி ஒன்றும் பங்கு போட்டுக்கொண்டன.

தண்ணீர் வேண்டும், ஃபேனைக் குறை என்பதெல்லாம் சிலேட்டில். மற்றபடி அவர் கீபோர்டில் இரண்டு விரலால் தட்டுவார், பெட்டி அதை உரக்கப் படிக்கும். ரயில்வே ஸ்டேஷனில் வண்டி தாமதம் என்று அறிவிக்கிற குரல் அதற்கு. கோபத்தையும் அதே குரலில் சொல்லும், கொஞ்சலையும் அதே குரலில் சொல்லும். மாமனார் அதற்கெல்லாம் அசரவில்லை. செய்தி வாசிக்கிறவரைத் திட்டினார், பேத்தியோடு விடுகதை போட்டார், பஸ் ஓட்டிவிட்டு வந்து அசதியில் சாய்ந்த மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்து அரசியல் பேசினார். “முன்னாடியாவது மூச்சு விட நிறுத்துவீங்கப்பா. இந்தப் பெட்டிக்கு மூச்சும் கிடையாது” என்பான் மகன்.

அந்தக் கம்ப்யூட்டரைக் கட்டியது மருமகள். அவள் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தாள். தெருவில் அவளுக்கு ஸ்க்ரூ அக்கா என்று பெயர். கடையில் கழித்துப் போட்ட உறுப்புகளில் உயிருள்ளதைப் பொறுக்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து ஒன்றாக்கி, யூனிக்ஸ் வம்சத்து இலவச சிஸ்டம் ஒன்றை அதில் ஏற்றியிருந்தாள். பார்க்க அழகில்லாத சிஸ்டம். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஓடும். ஆனால் லேசில் படுக்காது; எது கேட்டாலும் மழுப்பாமல் பதில் சொல்லும். புகுந்த வீட்டில் அப்படிப் பதில் சொல்கிற ஒரே ஆள் அதுதான் என்று அவள் கடையில் சொல்லிச் சிரிப்பாள்.

இதெல்லாம் சந்தோஷமான பக்கம். இன்னொரு பக்கம் அவருடைய மகள்.

மகள் நர்ஸ். தொண்டைக் கட்டியின் ரிப்போர்ட்டை முதலில் படித்துப் புரிந்துகொண்டவள் அவள்தான். ஆபரேஷன் வேண்டாம், மாத்திரையில் பார்த்துக்கொள்கிறேன் என்று அப்பா மாதக் கணக்கில் தட்டிக் கழித்தபோது, அழுது, கத்தி, அண்ணனைத் தன் பக்கம் இழுத்து, கடைசியில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கிளப்பியவளும் அவளே. “குரலா உயிரான்னா உயிர்தாம்ப்பா” என்றாள். ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோகும்போது அவர் அவளைப் பார்த்து, “உன் பேச்சைக் கேட்டு ஊமையாப் போறேன். நல்லா இரு” என்றார். அவருடைய சொந்தக் குரலில் வந்த கடைசி வாக்கியம் அது. வாய்விட்டுத் திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். அந்த ‘நல்லா இரு’வை என்ன செய்வது? தையல் பிரித்த கையோடு அவள் ஒரு பாலைவனத்துச் சுரங்க முகாமில் வேலை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த முகாமுக்கு டெலிபோன் கிடையாது. சாட்டிலைட் குடை வைத்த ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் இன்டர்நெட் வழியாக வீட்டோடு பேச விடுவார்கள். ஒரு வருஷம் கழித்து இது தெரிந்ததும் மருமகள் கடையிலிருந்து ஒரு மோடம் கார்டை எடுத்துவந்து கம்ப்யூட்டரில் செருகினாள். மோடம் டெலிபோன் லைனைப் பிடித்து இன்டர்நெட்டுக்குப் போகும். நர்ஸின் குரல் ஸ்பீக்கரில் வரும். மாமனார் தட்டுவார், பெட்டி பேசும், மைக் அதை வாங்கி அனுப்பும். மோடத்தைத் தனியாக ஓட்டிப் பார்த்தாள், ஓடியது. பெட்டியைத் தனியாகப் பேசவைத்தாள், பேசியது. வேலை முடிந்தது என்று ஸ்க்ரூவை இறுக்கினாள்.

தனித்தனியாகப் பார்த்தால் எல்லாருமே நல்லவர்கள்தான். ஒன்றாக உட்காரவைத்தால்தான் குணம் தெரியும். நாலு பேர் புழங்குகிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இது தெரியாதா? தெரியும். மனிதர்கள் விஷயத்தில் தெரியும்.

முதல் ஞாயிறு நாத்தனார் லைனில் வந்ததும் மருமகள் இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டு, அப்பாவும் மகளும் மனம்விட்டுப் பேசட்டும் என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். அது மரியாதை. அந்த மரியாதைதான் வம்பாக முடிந்தது. சிறிது நேரத்தில் மாமனார் முகம் கறுத்துப்போய் வெளியே வந்தார். கம்ப்யூட்டரின் கரண்ட் வயரை உருவிவிட்டு வந்திருந்தார். சிலேட்டில் எழுதிக் காட்டினார்: ‘அடிச்சேன். பேசலை.’

மருமகள் உள்ளே போய் கம்ப்யூட்டரைத் திரும்பக் கிளப்பி, ‘வணக்கம்’ என்று தட்டினாள். பெட்டி கணீரென்று வணக்கம் சொன்னது. ‘ஒன்று இரண்டு மூன்று’ என்று தட்டினாள். அதையும் சொன்னது. நாலைந்து முறை பார்த்தாள். ஒரு குறையும் இல்லை.

“நல்லாத்தானே இருக்கு மாமா” என்றாள்.

அவர் பெட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல இருந்தது அவர் முகம்.

அடுத்த ஞாயிறும் அதே கதைதான். கதவு சாத்தியிருந்தது, வயர் உருவப்பட்டது, சிலேட்டு நீண்டது. இந்த முறை அவர் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்: ‘அவ லைன்ல இருந்தா பெட்டி பேசாது.’

அன்று பஸ் இல்லாமல் வீட்டிலிருந்த மகன் அதைப் படித்துவிட்டுச் சமையலறைக்கு வந்தான். “பெட்டி பேசாதாம். இவருக்குப் பேச மனசில்ல, பழியை அது மேல போடறாரு. வீம்பு. எங்கப்பாவை எனக்குத் தெரியாதா?”

மருமகள் மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டும். ஏனென்றால் கடையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள் சொல்கிற முதல் பாடமே இதுதான்: வாடிக்கையாளர் சொல்கிற காரணம் பொய்யாக இருக்கலாம், குறை பொய்யாக இருக்காது. மழை பெய்தால் கம்ப்யூட்டர் ஓடாது என்று ஒருவர் சொன்னபோது எல்லாரும் சிரிக்க, அவள் போய்ப் பார்த்து, ஜன்னலோரம் ஈரம் குடித்த பிளக்கைக் கண்டுபிடித்தவள். அப்படிப்பட்டவள் சொந்த வீட்டில், சொந்த மாமனார் சிலேட்டில் எழுதி நீட்டிய அட்சரசுத்தமான புகாரைப் படித்துவிட்டு, பாவம், மனசு இன்னும் ஆறவில்லை என்று அனுதாபப்பட்டாள். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவர்களுக்கு வீடு என்று ஒன்று இருக்கவே கூடாது.

அதோடு விட்டாளா? நாத்தனார் மெயிலில் ‘பெட்டியில் ஏதாவது கோளாறா அண்ணி?’ என்று கேட்டபோது, ‘இல்லம்மா, நானே செக் பண்ணிட்டேன், நல்லா இருக்கு. கொஞ்சம் டைம் கொடு’ என்று பதில் எழுதினாள். ஆறுதலாக எழுதுவதாக நினைத்துக்கொண்டுதான் எழுதினாள்.

மாமனாரையும் அவள் கேட்டுப் பார்த்தாள். “மாமா, பேச வரலைன்னா ஒரு மெயில் எழுதுங்களேன். நான் அனுப்பறேன்.”

அவர் கீபோர்டை இழுத்துத் தட்டினார். ஸ்டேஷன் குரல் சொன்னது: “எழுதிக் கொடுத்தா அது மனு. நான் யாருக்கும் மனு போட்டதில்ல. கூட்டத்துல வாயால கேட்டாத்தான் விலை. வாயால சொன்னதை வாயாலதான் மாத்தணும்.”

இதைக் கேட்டபோதாவது அவளுக்கு உறைத்திருக்கலாம். மாத்தணும் என்கிறவருக்கு எங்கிருந்து வீம்பு வரும்? ஆனால் பெட்டி அவ்வளவு தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தது. பேசுகிற பெட்டியைப் பார்த்துக்கொண்டே அது பேசாது என்று நம்புவது கஷ்டம்தான்.

மூன்றாவது ஞாயிறு. கதவு சாத்தியிருந்தது. மருமகள் வெளியே துணி மடித்துக்கொண்டிருந்தாள். கதவைப் படாரென்று திறந்துகொண்டு மாமனார் வந்தார். இந்த முறை சிலேட்டை எடுக்கவில்லை. எழுதி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியிருக்க வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டு, படியிறங்கித் தெருவில் போய்விட்டார். போன வேகத்தில் வயரை உருவக்கூட மறந்திருந்தார்.

உள்ளே ஸ்பீக்கரில் நாத்தனாரின் மூச்சு கேட்டது. “அப்பா? அப்பா போயிட்டீங்களா?”

“நான்தாம்மா” என்றாள் மருமகள்.

நர்ஸ் பேசினாள். அழவில்லை. நோயாளியின் உறவினரிடம் பேசுகிற நிதானம் குரலில் இருந்தது. “அண்ணி, எனக்கு இங்க கீபோர்டு தட்டற சத்தம் கேக்குது. டொக் டொக்னு தட்டறாரு. அப்புறம் ஒண்ணுமே வரல. திரும்பத் தட்டறாரு. என்கிட்ட சொல்ல ஏதோ அடிக்கிறாரு, அடிச்சு அடிச்சு அழிச்சிடறாரு. மூணு வாரமா அதைக் கேட்டுட்டு உக்காந்திருக்கேன். அவருக்கு என்னை மன்னிக்க வரல. பரவாயில்ல. அடுத்த வாரத்துலேர்ந்து என் நேரத்தை வேற யாருக்காவது கொடுத்துடறேன். நீங்க அவரைக் கட்டாயப்படுத்தாதீங்க.”

“அவசரப்படாதேம்மா, நான் சொல்றதை...”

“நீங்கதானே சொன்னீங்க, பெட்டி நல்லா இருக்குன்னு?”

லைன் போயிற்று.

மருமகள் மோடத்தை நிறுத்தினாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். எதற்கு என்று யோசிக்காமல், மூன்று வாரப் பழக்கத்தில், ‘வணக்கம்’ என்று தட்டினாள்.

பெட்டி வணக்கம் சொல்லவில்லை. அது சொன்னது: “அப்பா பேசறேன். சாப்பிட்டியா. கேக்குதா. அப்பா பேசறேன். கேக்குதா. கேக்குதா. ஏன் பேச மாட்டேங்கிற. கேக்குதா. கண்ணு. கேக்குதா. வணக்கம்.”

ஸ்டேஷன் குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல், அத்தனை ‘கேக்குதா’வையும் ஒரே மாதிரி சொல்லி முடித்தது.

அவளை யாரோ கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அழிக்கவில்லை. மனிதர் ஒரு எழுத்தைக்கூட அழிக்கவில்லை. தட்டியதெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளேயே வெளியே வர வழியில்லாமல் வரிசையில் நின்றிருக்கிறது. மோடம் நின்றதும், அவள் தட்டிய வணக்கம் பின்னாலிருந்து தள்ள, எல்லாம் வெளியே வந்துவிட்டது. முதல் இரண்டு வாரமும் அவர் வயரை உருவியதால் உள்ளே நின்ற பேச்சு அப்படியே செத்துப்போயிருக்கிறது. அதன்பிறகு அவள் வந்து, லைனில் யாருமில்லாத கம்ப்யூட்டரிடம் வணக்கம் சொல்லச் சொல்லி, சரியாக இருக்கிறது என்று தீர்ப்பு எழுதியிருக்கிறாள்.

அழுகை வந்தது. அழுதுகொண்டே வேலையைத் தொடங்கினாள். அவளுக்கு அது இரண்டும் ஒன்றாக வரும். பெட்டியின் கேபிள் மாட்டியிருந்தது கம்ப்யூட்டரின் முதுகில் இருந்த முதல் சீரியல் போர்ட்டில். மோடம் கார்டு தன்னை மூன்றாவது சீரியல் போர்ட் என்று சொல்லிக்கொள்ளும். முதல் போர்ட்டின் இன்டரப்ட் எண் என்ன என்று சிஸ்டத்தைக் கேட்டாள். நான்கு என்றது. மூன்றாவது போர்ட்டுக்கு என்ன என்றாள். நான்கு என்றது. கூசாமல் சொன்னது. கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருக்கும்.

சத்தம் கேட்டு மகன் வந்தான். “என்ன ஆச்சு? ஏன் அழற?”

“மாமா பொய் சொல்லல. நாமதான்...” என்று ஆரம்பித்து, மூக்கைச் சிந்திக்கொண்டு விளக்கினாள். கம்ப்யூட்டரின் மூளை எந்நேரமும் ஏதோ ஒரு வேலையில் இருக்கும். மற்ற உறுப்புகளுக்கு அதன் கவனம் வேண்டுமென்றால், ஒரு கம்பி வழியாகத் தட்டிக் கூப்பிட வேண்டும். அதற்குப் பெயர்தான் இன்டரப்ட். கம்பிகளுக்கு எண் உண்டு. ஆளுக்கொரு கம்பி இருந்தால் சண்டையில்லை. ஒரே கம்பியில் இரண்டு பேர் தொங்கினால், மோடம் பிடித்துக்கொண்டிருக்கும்வரை பெட்டி தட்டுவது மூளைக்கு எட்டாது.

அவன் பஸ் டிரைவர். அவன் வழியில் யோசித்தான். “ரெண்டு கதவுக்கும் ஒரே பெல்லு. முன்னாடி கண்டக்டர் அடிச்சதும் நான் வண்டியை எடுத்துடறேன். பின்னாடி ஒருத்தர் இன்னும் ஏறிட்டு இருக்காரு.”

“அதேதான்.”

“ஏறிட்டு இருந்தது அப்பாவா?” என்றான். பிறகு அவனும் தரையில் உட்கார்ந்துவிட்டான். வீம்பு என்று சொன்னது அவன்தானே.

கம்ப்யூட்டரின் கேபினட்டைத் திறந்தார்கள். மோடம் கார்டின் ஓரத்தில் ஊசி மாதிரி இரட்டை வரிசையில் கம்பிகள் நின்றன; அதில் இரண்டை இணைத்துக்கொண்டு, அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கருப்புத் தொப்பி. அதற்கு ஜம்பர் என்று பெயர். அது எந்த ஜோடியில் உட்கார்ந்திருக்கிறதோ அதுதான் கார்டின் எண். ஓடுகிற கார்டின் ஜம்பரைத் தொடாதே என்பது கடை வழக்கம். அந்த வழக்கப்படி அவளும் கார்டு வந்தபடியே நான்கில் விட்டிருந்தாள். ஐந்து, சவுண்டு கார்டு வைத்திருந்தது. ஏழு, பிரின்டருடையது. மூன்று, இரண்டாவது சீரியல் போர்ட்டுக்கு உரியது. அந்தப் போர்ட்டில் என்றைக்கும் எதையும் மாட்டியதில்லை. அந்தப் போர்ட்டை அணைத்துவிட்டு, புருவம் பிடுங்குகிற இடுக்கியால் தொப்பியைப் பிடுங்கி மூன்றில் வைத்தாள்.

கம்ப்யூட்டர் கிளம்பியது. டயல் செய்தாள். மோடம் நத்தையாக ஊர்ந்தது. ஒரு எழுத்து வரும். ஒரு கொட்டாவி விடுகிற நேரம் கழித்து அடுத்த எழுத்து வரும்.

“இன்னும் மோசமாயிடுச்சே” என்றான் மகன்.

“கார்டு வீடு மாறிடுச்சு. சிஸ்டம் இன்னும் பழைய விலாசத்துலயே காத்துக்கிட்டு இருக்கு.” மூன்றாவது போர்ட்டுக்கு இனி எண் மூன்று என்று ஒரு கமாண்ட் கொடுத்தாள். மோடம் பிய்த்துக்கொண்டு ஓடியது. கம்ப்யூட்டரை நிறுத்தினால் சிஸ்டம் அதை மறந்துவிடும் என்பதால், அது தினமும் எழுந்தவுடன் படிக்கிற ஃபைலிலும் அந்த வரியைச் சேர்த்தாள்.

இப்போது பழைய தப்பைச் செய்யவில்லை. மோடத்தை இன்டர்நெட்டில் ஓடவிட்டபடியே, மாமனார் வரட்டும் என்று காத்திருந்தாள்.

அவர் வெயில் தாழ்ந்து வந்தார். வாசலிலேயே அவள் போய் நின்றாள். சுற்றி வளைக்கவில்லை. “மாமா, நீங்க சொன்னதுதான் சரி. அவ லைன்ல இருந்தா பெட்டி பேசாது. தப்பு நான் பண்ணினது. நீங்க மூணு வாரம் சொல்லியும் நான் நம்பல. மன்னிச்சிடுங்க.”

அவர் செருப்பைக் கழற்றினார். அவளைத் தாண்டிப் போய் சிலேட்டை எடுத்தார். எழுதினார்: ‘ஏலத்துல கை தூக்கினவனைப் பார்க்காம விட்டா அது ஏலம் விடறவன் குத்தம்.’

“ஆமாம் மாமா.”

அவள் கண்ணைப் பார்த்தார். துடைத்தும் சிவப்பு போகவில்லை. எழுதியதைச் சட்டைக் கையாலேயே அழித்துவிட்டு, கீபோர்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். மோடம் ஓடிக்கொண்டிருந்தது. தட்டினார். பெட்டி சொன்னது: “ஸ்க்ரூ. போய் முகம் கழுவு.”

மகன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். மருமகளும் சிரித்தாள், மறுபடி அழுதாள், பிறகு நிஜமாகவே போய் முகம் கழுவினாள்.

கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது. மனுஷி? நாத்தனாருக்கு அவள் மெயில் எழுதினாள்: ‘கோளாறு பெட்டியில் இல்லை, நான் மோடம் மாட்டிய விதத்தில். நீ லைனில் இருக்கும்போது மட்டும் அவர் பேச்சு உள்ளேயே நின்றுவிட்டது. அவர் எதையும் அழிக்கவில்லை. சிக்கியிருந்ததை நான் காதால் கேட்டேன். ஒரே ஒரு ஞாயிறு வா.’ பதில் இல்லை. மறுநாள் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. அண்ணி பூசி மெழுகுகிறாள் என்றுதான் அவள் நினைப்பாள். நல்லா இருக்கு என்று சொன்ன அதே வாய்தானே இப்போது கோளாறு என்கிறது? எந்தக் கடைக்காரி பேச்சை வாடிக்கையாளர் இரண்டாம் முறை நம்பியிருக்கிறார்?

ஞாயிறு வந்தது. மாமனார் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாத்தனாரின் நேரம் தொடங்கியது. ஸ்பீக்கரில் இரைச்சல்கூட இல்லை. மகன் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தான். பேத்தி தாத்தாவின் முழங்கையில் சாய்ந்துகொண்டு, “அத்தை எப்ப வருவாங்க?” என்று கேட்டுக் கேட்டு, அப்பாவிடம் ஒரு அதட்டல் வாங்கினாள். மருமகள் திரையில் இருந்த இன்டரப்ட் எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மோடத்துக்கு ஒரு வரி, சவுண்டுக்கு ஒரு வரி. எல்லாம் ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தன. அவள் கையில் இருந்ததெல்லாம் சரியாக இருந்தது. மீதி அவள் கையில் இல்லை.

நாத்தனாரின் நேரத்தில் பாதி போன பிறகு ஸ்பீக்கர் கரகரத்தது. “அண்ணி, உங்களுக்காகத்தான் வந்தேன். சீக்கிரம் சொல்லுங்க.”

மருமகள் மாமனாரைப் பார்த்துத் தலையசைத்தாள். மாமனாரின் இரண்டு விரல்களும் இறங்கின.

“கேக்குதா” என்றது பெட்டி.

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுகிற சத்தம் கேட்டது.

“அப்பா பேசறேன். கேக்குதா.”

“கேக்குதுப்பா” என்றாள் மகள். “கேக்குது, கேக்குது.” அதற்குமேல் அவளால் முடியவில்லை. அந்த ஆஸ்பத்திரி நிதானம் எங்கே போயிற்றோ, சின்னப் பிள்ளைபோலத் தேம்பினாள். பெட்டிக்கு அதெல்லாம் தெரியுமா? “சாப்பிட்டியா” என்று அது பாட்டுக்கு மேலே கேட்டது.

மருமகள் மெல்ல எழுந்து, கதவைச் சாத்திவிட்டுப் போகப் பார்த்தாள். மாமனார் திரும்பாமலே கையை நீட்டி, உட்கார் என்று காட்டினார். உட்கார்ந்தாள்.

“அப்பா, நான் ஒண்ணு கேக்கணும்” என்றாள் மகள். குரல் தெளிந்திருந்தது. ஒரு வருஷமாகத் தயார் செய்த கேள்வி என்பது கேட்டவுடனே தெரிந்தது. “நேரம் கொஞ்சம்தான் இருக்கு. என்கிட்ட மன்னிப்பெல்லாம் கேக்க வேண்டாம். எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். அன்னிக்கு நான் உங்களைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன். இப்படி இருக்கறதுக்கு, அப்படியே விட்டிருக்கலாமேன்னு உங்களுக்குத் தோணுதா? எனக்காகச் சொல்லாதீங்க. நிஜத்தைச் சொல்லுங்க.”

மாமனாரின் கை கீபோர்டின்மேல் நின்றது. இறங்கவில்லை.

மகன் நடையை நிறுத்திவிட்டான். மருமகள் திரையைப் பார்த்தாள், எண்கள் ஏறிக்கொண்டுதான் இருந்தன, எதுவும் சிக்கவில்லை. இது கம்பி விஷயமில்லை. அவர் யோசிக்கிறார். முப்பது வருஷம் வாய்க்கு வந்ததைப் பேசியே பிழைத்த மனிதர், வார்த்தை தேடுகிறார்.

“அப்பா?” என்றாள் மகள். “திரும்பவும் போயிடுச்சா?”

“இல்லம்மா, லைன் இருக்கு. கொஞ்சம் இரு” என்றாள் மருமகள்.

அவர் தட்ட ஆரம்பித்தார். இரண்டு விரல். டொக். டொக். அந்தப் பக்கம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒருத்தி மூச்சைப் பிடித்திருப்பாள் என்று மருமகளுக்குத் தெரியும். ஒரு இடத்தில் நிறுத்தி, தன்மேல் சாய்ந்திருந்த பேத்தியைப் பார்த்தார். மறுபடி தட்டினார்.

பெட்டி சொன்னது: “நேத்து குட்டிக்கு முதல் பல் விழுந்தது. ஆடிட்டே இருந்தது. யாரையும் தொட விடல. என்கிட்ட வந்து, தாத்தா நீ பிடுங்குன்னு வாயைத் திறந்தா. நான்தான் பிடுங்கினேன். நீ விட்டிருந்தா யார் பிடுங்கியிருப்பா.”

மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மருமகள் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஸ்பீக்கரில் காற்று இரைச்சல் மட்டும் பாலைவனத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

பிறகு மகள் மூக்கை உறிஞ்சினாள்.

“எந்தப் பல்லுப்பா?” என்றாள். “மேலயா, கீழயா?”